பார்ட் வருவதில்லை

மிஷினைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்த பிறகுதான், கொடுத்திருக்கக் கூடாதோ என்று பொற்கொடிக்குத் தோன்றியது. நீல நிற பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், பிடுங்கிய பல்லை வாங்கிக்கொள்வதுபோல அதை வாங்கிக்கொண்டு, ஜெனிட்டா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கதவு மூடியது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பொற்கொடியின் வலது காது ஒன்பது வருஷமாகச் செத்துக் கிடக்கிறது. இடது காதில் மிச்சமிருந்ததை அந்த மிஷின்தான் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால், யாராவது கிட்டே வந்து உரக்கப் பேசினால் ஒரு உறுமல் கிடைக்கும், வார்த்தை கிடைக்காது. தில்லைநகரில் மாடியில் இருக்கும் இந்தக் காது மையத்தில் ஏ.சி. ஓடுகிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை; கை ரோமம் சிலிர்ப்பதை வைத்து ஓடுகிறது என்று முடிவு செய்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் வில்வநாதன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு டி.வி. அதில் காதோரம் நரைத்த ஒருவர் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டேயிருந்தார். மிஷின் வாங்கியவர்கள் எல்லோரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள், அப்படி என்ன கேட்டுவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஜெனிட்டாவின் முதுகு தெரிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு ஏன் வேலை செய்ய வேண்டும், மேஜையை இந்தப் பக்கம் பார்த்துப் போட்டால் என்ன. போன சித்திரையில் இலவச முகாம் என்று போன் செய்து கூப்பிட்டார்கள். அன்றைக்கும் இதே கதவு, இதே முதுகு. மிஷினை ஒரு வயரில் மாட்டிக் கம்ப்யூட்டரில் கோத்தார்கள், திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றது. திரும்ப மாட்டிக்கொண்டால் எல்லோரும் எவர்சில்வர் டம்ளருக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல இருந்தது. "அப்டேட் போட்டிருக்கோம் மேடம், ரெண்டு நாள்ல பழகிடும்" என்றாள் அந்தப் பெண். பழகத்தான் செய்தது. ஆனால் பழகியதா, இல்லை முன்னால் எப்படிக் கேட்டது என்பது மறந்துபோனதா. சாம்பாரில் உப்பு குறைந்தால் நேற்றைய சாம்பாரை வைத்துச் சொல்லலாம். போன மாதம் கேட்ட குரலை எதில் எடுத்து வைத்துக்கொண்டு இந்த மாதத்துக் குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அது அவர்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எதை வேண்டுமானாலும் செய்கிறார்கள்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் வாரண்டி பங்குனியோடு முடிந்தது, சித்திரையில் முகாம், ஆடி பிறந்ததும் மிஷின் அறுந்து அறுந்து கேட்க ஆரம்பித்தது. இதைத் தற்செயல் என்று சொன்னால் அவள் வகுப்பில் கடைசி பெஞ்ச் பிள்ளைகூடச் சிரிக்கும். உள்ளே ஒரு காலண்டர் வைத்திருப்பான். இன்ன தேதி வரைக்கும் ஒழுங்காக ஓடு, அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படு. ஒரேயடியாகப் படுத்தால் சந்தேகம் வரும் அல்லவா. எங்கோ ஒரு ஊரில், ஒரு நல்ல அறையில், காபி குடித்துக்கொண்டே நாலு பேர் உட்கார்ந்து இத்தனை வருஷம் போதும் என்று முடிவு செய்திருப்பார்கள். கீழ்வீட்டு வாஷிங் மெஷின் நின்றபோது வந்தவன் போர்டு போச்சு என்றான். தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் போர்டு. டி.வி.க்கும் போர்டு. யார் வீட்டில் எது நின்றாலும் போர்டுதான், அந்தப் போர்டு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. மிக்சியில் திருகைக் கழற்றலாம் என்று போன வருஷம் இவர் உட்கார்ந்தார். திருகின் தலையில் மூன்று மூலை வைத்த பள்ளம், வீட்டில் இருந்த எந்த ஸ்குரூ டிரைவரும் அதில் உட்காரவில்லை. அதிலாவது திருகு இருந்தது. அவள் காதில் மாட்டிக்கொள்கிற இந்த மிஷினில் திருகே கிடையாது. கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஒட்டி மூடியிருக்கிறது. சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி உள்ளேயே வைத்து ஒட்டியிருக்கிறது. இதற்கு முன்னால் இருந்தது அப்படி இல்லை. அதற்கு ஒரு குட்டிக் கதவு உண்டு, நகத்தால் நெம்பினால் திறக்கும், மிளகளவு செல்லை எடுத்துவிட்டு வேறு போட்டு மூடினால் உயிர் வந்துவிடும். அதை எதற்காகக் கொடுத்தாள். எக்சேஞ்ச் என்றார்கள், கழித்துக்கொள்கிறோம் என்றார்கள், தலையை ஆட்டினாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒன்றை இந்த மேஜையின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதை அவர்கள் என்ன செய்திருப்பார்கள். குப்பையில் போட்டிருப்பார்கள். இல்லை, போட்டிருக்க மாட்டார்கள், உடைத்திருப்பார்கள். வேலை செய்கிற பழையது ஒன்று ஊரில் எங்காவது இருப்பது அவர்களுக்கு நல்லதில்லையே.

வில்வநாதன் எழுந்து முன்மேஜைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பொற்கொடி அவர் உதட்டைப் பார்த்தாள். 'பாத்துடலாம்' என்று சொன்னதுபோல இருந்தது. 'மாத்திடலாம்' என்றும் இருக்கலாம். உதட்டுக்குப் பகரமும் மகரமும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடித் திறக்கும். பணம் என்றாலும் மணம் என்றாலும் ஒரே வாய். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான பாடம் அது. பாத்துடலாம் என்றால் சரி, செலவைப் பார்த்து முடிவு செய்வோம் என்கிறார். மாத்திடலாம் என்றால் உள்ளே சோதனை முடிவதற்குள் இவர் எதற்கு அதைச் சொல்ல வேண்டும். குக்கருக்கு ஒரு கேஸ்கெட் வாங்கப் பெரிய கடைவீதி முழுக்க ஏறி இறங்குகிற மனுஷன். பெயிண்ட் கடையில் இருபது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவர், எதையும் உடனே வாங்கி அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், டி.வி.யில் இருந்த ஆள் மாதிரி. என்ன என்று அவள் புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். காது கேட்காதவர்களுக்கு உலகத்தில் அதிகம் கிடைக்கிற பதில் அதுதான். பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஸ்டாஃப் ரூமில் திடீரென்று எல்லோரும் வாசலைப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை டீச்சர். போன வாரம் ஹெச்.எம். கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "லைப்ரரியப் பாத்துக்கங்களேன் டீச்சர், உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்டா இருக்கும்" என்றார். ரெஸ்ட் வேண்டும் என்று அவள் எப்போது கேட்டாள். காரணிப்படுத்தும் முறையைக் கரும்பலகையில் போட்டுவிட்டுத் திரும்பும்போது பின்வரிசையில் ஒரு அலை எழுந்து அடங்கும். சந்தேகம் கேட்கிறார்களா, அவளைச் சொல்லிச் சிரிக்கிறார்களா. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, "சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் கேட்ட பிள்ளையாக இருந்தால். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கேட்கவே போவதில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியம்தான். மூன்று வாரமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவும் மகனும். மிஷின் அன்று காலையிலிருந்தே வருவதும் போவதுமாக இருந்தது. நடுவில் ஒரு நொடி, கண்ணாடியைத் துடைத்தாற்போல, கபிலனின் குரல் தெளிவாக வந்தது. "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்ப்பா." அதற்கு அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், மிஷின் அறுந்தது. தோசை கருகியது. கையில் கரண்டியோடு கூடத்துக்குப் போனாள், இரண்டு பேரும் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீங்க என்று கேட்டாள். அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். எதைச் சொல்ல வேண்டாம். கபிலனுக்கு அரியர் விழுந்திருக்கும். இல்லை, மார்க் வந்தபோது அவளே பார்த்தாள். அவருக்குக் கடையில் வேலை போயிருக்கும். இல்லை, காலையில் சோறு கட்டிக்கொண்டு போகிறார், மாலையில் சட்டையில் டர்பன்டைன் வாசனையோடு வருகிறார். டாக்டர். ஆமாம், டாக்டராக இருக்கலாம். அதற்கு முந்தின வாரம்தான் காது டாக்டரிடம் போயிருந்தார்கள், வெளியே வந்து பொற்கொடி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மறுபடி உள்ளே போனார், குடையை வைத்துவிட்டேன் என்று. ஒரு குடையை எடுக்க அவ்வளவு நேரம் ஆகுமா. என்ன சொல்லியிருப்பார் டாக்டர். எதைச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கிறது. வலது காது போனது எப்படி. முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி நன்றாகத் தூங்கினாள், காலையில் எழுந்தால் அந்தப் பக்கம் இல்லை. வலி இல்லை, சீழ் இல்லை, ஒன்றும் இல்லை. வலது பக்கத்துச் சுவர் கடிகாரத்தின் டிக் டிக் நின்றுபோயிருந்தது, கடிகாரம்தான் நின்றுவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தாள், முள் ஓடிக்கொண்டிருந்தது. நரம்பு, என்றார் அப்போதைய டாக்டர், ஏன் என்று சொல்ல முடியாது, சில பேருக்கு இப்படித் திடீரென்று வரும். இடது காது? அது இருக்கும்மா, கவலைப்படாதீங்க. இருக்கும் என்றாரே தவிர எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவரும் வாரண்டி கொடுக்கவில்லை.

அதனால்தான் அவளுக்குக் கம்பெனிக்காரன் திருடனாக இருக்க வேண்டியிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே இப்படி வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும் இதுவே முதல் தடவை. அறுந்து அறுந்து கேட்பது மிஷினால் என்றால், அவர்கள் உள்ளே காலண்டர் வைத்து ஏமாற்றியிருந்தால், முகாமில் வேண்டுமென்றே கெடுத்திருந்தால், எல்லாம் சரி, திட்டித் தீர்த்துவிட்டு வேறு வாங்கலாம். மிஷினில் கோளாறே இல்லை என்று அந்தப் பெண் திரும்பி வந்து சொன்னால். அப்போது அறுவது எது. அதைத்தானே சொல்ல வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த மெத்தை வைத்த பெட்டிக்குள் அவளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். முதலில் பெரிய மணிகள், சுலபமாக வந்தன. பிறகு சின்னதாகி, கொசுவாகி, கொசுவின் நிழலாகி. கேட்டதா, கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதுபோல இருந்ததா. சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம்தான் பெரிதாக இருந்தது. சில தடவை சும்மாவே அமுக்கினாள். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை பக்கத்தைப் பார்த்து எழுதுவதுபோல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டாவின் விரல் அசையும்போது அமுக்கினாள். வகுப்பில் இதைச் செய்த பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். ஜெனிட்டாவுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகுதான் அந்தப் பெண் தன் கையை ஒரு அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. அந்த முடிவையும் இன்னும் சொல்லவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கதவு திறந்தது. ஜெனிட்டா அதே நீலத் தட்டோடு வந்தாள், தட்டில் இரண்டு மிஷின்கள் இருந்தன. புதியதை எடுத்துப் பொற்கொடியின் காதில் மாட்டினாள், விரல் சில்லென்றிருந்தது. ஒரு இசை மாதிரி ஏதோ வந்தது. பிறகு அறை வந்தது. ஆனால் அறை முழுதாக வரவில்லை, ஏ.சி. இல்லை, ரோட்டு ஹாரன் இல்லை, யாரோ நாற்காலியை இழுத்தார்கள், இழுக்கிற சத்தம் இல்லை. குரல்கள் மட்டும் சலவைக்குப் போய் இஸ்திரி போட்டு வந்தவை போல வந்தன.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது."

"இது டெமோ பீஸ். பேசறதுக்காகப் போட்டிருக்கேன். வெளிச் சத்தத்தையெல்லாம் இதுவே வடிகட்டிடும்." ஜெனிட்டா எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. "காது அப்படியேதான் இருக்கு மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த கோடும் இன்னைக்கு எடுத்ததும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. நடுவுல நீங்க கொஞ்சம் தப்பா அமுக்குனீங்க, அத மறுபடி எடுத்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல."

பொற்கொடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இருக்கு. நம்பலாமா. நம்பலாம், காது இன்னும் மோசமாகியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு லாபம், பெரிய மிஷினாகத் தலையில் கட்டியிருக்கலாம். விற்க உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்கு உதவாத ஒன்றைச் சொல்கிறார்கள் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். இப்படிச் சுற்றிக்கொண்டு வந்துதான் அவளால் சந்தோஷப்பட முடிந்தது, ஆனால் வந்து சேர்ந்தபோது அது நிஜமாகவே வந்தது.

"அப்ப மிஷின்தான்."

"மிஷின்தான் மேடம். உள்ள தண்ணி போயிருக்கு."

ஜெனிட்டா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பெரிதாக்கி எடுத்த படம், ஒரு தகட்டின் ஓரத்தில் பாசி மாதிரி பச்சை பூத்திருந்தது. இது யாருடைய மிஷின். யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். போன் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள், தண்ணி போயிருக்கு, அதைச் சொல்லிவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது. நேற்று வந்தவருக்கும் இதே படத்தைக் காட்டியிருப்பாள்.

"நான் மொகம் கழுவறதுக்கே கழட்டி வச்சிட்டுத்தாம்மா போவேன். மழையில போகும்போது பைக்குள்ள டப்பாவுல வச்சிருவேன். தண்ணி எப்படிப் போகும்?"

"எப்படியோ போயிருக்கு மேடம். லேசாப் பட்டதில்ல, நல்லா ஊறியிருக்கு."

பொற்கொடி ஏன் அந்த நேரத்தில் வில்வநாதனைத் திரும்பிப் பார்த்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அவர் குனிந்து தன் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வார் சரியாகத்தான் இருந்தது. காதை மட்டுந்தான் கடவுள் எடுத்துக்கொண்டான். மற்றவர்களின் கழுத்தை, தோளை, விரலைப் படிக்கிற வேலையை இந்த ஒன்பது வருஷத்தில் அவள் நன்றாகவே கற்றிருந்தாள்.

"என்னங்க, தண்ணி எப்படிப் போயிருக்கும்?"

"வேர்வையா இருக்கும் பொற்கொடி. இந்த வெயிலுக்கு." நிமிர்ந்துவிட்டு, ஜெனிட்டாவைப் பார்த்து, "இதையே வாங்கிடலாம்மா. நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அவர் பொய் சொன்னால் தொண்டையில் ஒரு சின்னக் கரகரப்பு வரும். கல்யாணமான புதிதில் இரண்டு காதும் நன்றாக இருந்தபோதே அவள் கண்டுபிடித்தது அது. இப்போது கேட்ட குரலில் அது இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஒழுங்காக, பிசிறு இல்லாமல் வந்தது. உண்மையைத்தான் சொல்கிறாரா, இல்லை, கரகரப்பையும் ஏ.சி. சத்தத்தோடு சேர்த்து இந்தப் புது மிஷின் வடிகட்டி எறிந்துவிட்டதா. அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு வழியும் இல்லை. அவள் ஜெனிட்டாவின் பக்கம் திரும்பினாள்.

"சரி, தண்ணியே போயிருக்கட்டும். சரி பண்ண முடியாதா?"

"ஒரே ஒரு சின்ன பார்ட் மாத்தணும் மேடம். முன்னாடின்னா இங்கயே நாங்களே மாத்திக் குடுத்துருவோம், காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். இந்த மாடலுக்கு இப்ப பார்ட் வர்றதில்ல."

"ஏன் வர்றதில்ல?"

"மாடல நிறுத்திட்டாங்க."

"யாரு?"

ஜெனிட்டா கையைத் தலைக்கு மேலே காட்டினாள். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"வேற மாடல்ல இருந்து எடுத்துப் போட்டா?"

"அளவு சரியா இருக்கும் மேடம், ஆனா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மிஷின் நம்பரும் பார்ட் நம்பரும் சேரணும். சேரலன்னா ஆன் ஆகாது."

"அப்ப இந்தப் புதுசுக்கு எத்தன வருஷத்துக்கு பார்ட் வரும்?"

"மூணு வருஷம் வாரண்டி இருக்கு மேடம்."

"வாரண்டியக் கேக்கலம்மா. பார்ட்டக் கேட்டேன்."

ஜெனிட்டா கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். முன்மேஜையில் இருந்தவரையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தாழ்த்தியும் இஸ்திரி போட்டுத்தான் வந்தது. "அத எங்களுக்கே சொல்ல மாட்டாங்க மேடம். ஒரு நாள் திடீர்னு மெயில் வரும்."

ஆக அவள் சந்தேகப்பட்டது சரி. காலண்டர் உள்ளே இல்லை, வேறு எங்கோ சுவரில் தொங்குகிறது. சரி என்று தெரிந்த பிறகு மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் இந்தப் பெண்ணின் மேல் பாய மறுத்தது, யார் மேலாவது பாய வேண்டுமே என்று நெஞ்சுக்குள்ளேயே நின்று சுற்றியது. திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது. ஏதாவது ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும், இல்லாவிட்டால் லைப்ரரி. இதைத்தான் வாங்கப்போகிறாள், அது அவளுக்குத் தெரியும், ஜெனிட்டாவுக்கும் தெரியும், அந்த மேலே இருக்கிறவர்களுக்கு அவள் பிறப்பதற்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் இப்போது, இந்த நிமிஷம், இவர் இவ்வளவு அவசரப்படும்போது வாங்கக் கூடாது. டெமோவைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அறை சட்டென்று தூரப் போனது. "நாளைக்கு வர்றோம்மா" என்றாள், தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியாமல். ஜெனிட்டா அவளுடைய பழைய மிஷினைக் காட்டி ஏதோ கேட்டாள். எக்சேஞ்ச் என்றுதான் கேட்டிருப்பாள். பொற்கொடி அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தில்லைநகரைத் தாண்டி, பாலக்கரையைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் போகும்போது ஊர் முழுக்க ஊமைப் படமாக ஓடியது. பஸ்கள் சத்தமில்லாமல் வந்து முழங்காலை உரசுவதுபோலப் போயின. புகை வாசனை மட்டும் உரக்க இருந்தது. நல்லா ஊறியிருக்கு. அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேர்வையில் ஊறாது. மழையில் நனையும், ஊறாது. ஊறுவதற்குத் தண்ணீரில் கிடக்க வேண்டும். எங்கே கிடந்திருக்கும், எப்போது அது அவள் கையை விட்டுப் போனது. ஆனி மாதக் கடைசியில் லால்குடி. அண்ணன் மகள் வளைகாப்பு. ஸ்பீக்கரை அவள் தலைக்கு நேராகக் கட்டியிருந்தார்கள், மிஷினோடு உட்கார முடியவில்லை, கழற்றி இவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னாள். மறுநாள் இவர்தான் எடுத்துக் கொடுத்தார். மறுநாளா, அதற்கும் மறுநாளா. ஞாயிறு முழுக்க வீட்டிலே இருந்ததால் அவள் மிஷினைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் தோள் அசைவதை அப்போதுதான் கவனித்தாள். ஹெல்மெட் மேலும் கீழும் போய் வந்தது. பேசிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, காற்றில், மிஷின் இல்லாத அவளிடம், நிறுத்தாமல் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார். இடது கையை ஒரு தடவை விரித்து மறுபடி ஹேண்டிலைப் பிடித்தார். போனில் இல்லை, போன் சட்டைப் பையில் இருந்தது. அவளுக்குக் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசுகிறார். பால்பண்ணை ரவுண்டானா தாண்டியதும் அவர் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க."

அவர் அரைகுறையாகத் திரும்பினார். அவள் மறுபடி தட்டினாள். ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரங்கட்டினார். அவள் இறங்கிச் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்க. என்ன சொன்னீங்க?"

ஒண்ணுமில்ல, என்றது அவர் வாய்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. மொதல்லேருந்து சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் தொட்டிமேல் வைக்கப்போய், ஸ்கூட்டரில் அது இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து சொன்னார், அவளிடம் முக்கியமானதைச் சொல்லும்போது எப்போதும் சொல்வது போல. "லால்குடியில சட்டப் பையில போட்டேன். வந்ததும் சட்டையோட சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன். காலையில அலசும்போதுதான் பாத்தேன். தொடச்சு அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்து குடுத்தேன். வேலை செஞ்சுது. அப்புறம் ரெண்டு நாள்ல..." கையை விரித்தார். "கபிலன்தான் இப்ப சொல்ல வேணாம்ப்பான்னான். புதுசு வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னான்."

பஸ் ஒன்று இருவர் மேலும் புழுதியைப் போட்டுவிட்டுப் போனது. பொற்கொடி கண்ணை மூடவில்லை. மூடினால் வார்த்தை போய்விடும்.

"டாக்டர்கிட்டத் திரும்பப் போனீங்களே. குடைக்காகவா?"

"குடைக்காகத்தான். அவர் போன்ல பேசிக்கிட்டு இருந்தார், முடியட்டும்னு நின்னேன்."

"நான் என் காது போச்சுன்னு நெனச்சேன்."

ஹெல்மெட்டைப் பிடித்திருந்த அவர் கை இறங்கியது. இது அவருக்குத் தெரியாது. மூன்று வாரமும் அவள் கம்பெனியைத்தான் திட்டினாள், அவரிடம் இதைச் சொல்லவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். "நீ கம்பெனிக்காரனத் திட்ட ஆரம்பிச்சிட்ட. திட்டத் திட்ட எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

டீக்கடை வாசலில் கண்ணாடி டம்ளரோடு நின்றவர்கள் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அவர் உதட்டையே பார்த்தாள், அது மூடியிருந்தது.

"சரியாக் கேக்கல" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டைச் சீட்டில் வைத்தார். இரண்டு கையையும் வாயின் இரு பக்கமும் குவித்துக்கொண்டு, ரோட்டுச் சத்தத்துக்கு மேலே, கழுத்து நரம்பு புடைக்கச் சொல்ல ஆரம்பித்தார். சட்டப் பையில போட்டேன். நான்தான் ஊறப் போட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். வில்வநாதன் சொல்லி முடிக்கும்வரை அவள் தலையை அசைக்கவில்லை. அவளுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது.